சர்வீஸ் முடிந்ததும் வந்த 'டிக் டிக்': இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 150 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின் கொண்ட பைக். 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் முதல்முறையாக நானே சர்வீஸ் செய்தேன். ஆயில் சூடாக இருந்தால்தான் நன்றாக வடியும் என்றார்கள், அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவந்து ஆயிலை இறக்கினேன். அது வடிகிற நேரத்தில் டேப்பெட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும், பார்த்துவிட்டேன். இதற்குமுன் யாரும் டேப்பெட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை. பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி மார்க்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு வால்வுகளிலும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளேயே நுழையவில்லை. தளர்த்தி, மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்தேன். ஆயில் ஃபில்டரும் பிளக்கும் புதிது போட்டேன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன், செயினை இறுக்கினேன், ஒரு லிட்டர் பாட்டில் ஆயிலை முழுவதும் ஊற்றினேன். இப்போது இன்ஜினின் மேல்பக்கம், இடதுபுறம் சற்றுக் கூடுதலாக, 'டிக் டிக்' என்று சத்தம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமாகிறது. பிக்கப் குறையவில்லை, புகை இல்லை. ஒரு மெக்கானிக் இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் பிஸ்டன், போர் (சிலிண்டரின் உள்சுவர்) வேலை இருக்கும், பிரித்துப் பார்க்கலாம் என்கிறார். நண்பரோ கெட்டி ஆயில் ஊற்று, அடங்கிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். யாருமே உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை: சர்வீசில் எதையெல்லாம் தொட்டீர்கள், எப்படித் தொட்டீர்கள்? டைமிங் செயினும் பிஸ்டனும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெல்லத் தேய்கிற பொருட்கள், அவற்றின் சத்தமும் மெல்லத்தான் ஏறும், நேற்று வரை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்த நாளில் சரியாக வந்து நிற்பது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நம்பி இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் நம் கை பட்ட இடங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவதுதான் முறை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சந்தேகப்பட வேண்டிய இடங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவை சந்தேகத்துக்குரியவை என்று தெரியாமலே.

முதலில் ஆயில். சத்தத்துக்கு இதுதான் காரணம் என்பதால் இல்லை, மற்ற எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது என்பதால். ஒரு லிட்டர் பாட்டிலை முழுதாக ஊற்றினேன் என்கிறீர்கள். மேனுவலை எடுத்துப் பாருங்கள், ஆயில் அளவு ஒன்றல்ல, இரண்டு மூன்று போட்டிருப்பார்கள்: ஆயில் மட்டும் மாற்றினால் ஒன்று, ஃபில்டரோடு மாற்றினால் அதைவிடக் கூடுதலாக ஒன்று, இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கோத்தால் இன்னும் கூடுதலாக ஒன்று. நீங்கள் ஃபில்டரும் மாற்றியிருக்கிறீர்கள். ஆகவே பாட்டிலின் அளவு உங்கள் இன்ஜினின் அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்தான், ஏனென்றால் பம்ப்பில் இருந்து அதிக தூரத்தில் இருப்பது அது. சுழன்று வால்வைத் திறக்க வைக்கிற கேமும், அந்த அசைவை வால்வுக்குக் கடத்துகிற ராக்கரும் அங்கேதான் இருக்கின்றன, டிக் டிக் என்பதும் அங்கிருந்துதான் வரும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு விஷயம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அல்ல, இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றிய உடனே ஸ்டார்ட் செய்யாமல் பார்த்த அளவை நம்பக் கூடாது, புது ஃபில்டர் அப்போது காலியாக இருக்கும், இன்ஜின் ஓடியதும் அது குடித்த அளவு கீழே குறையும். டிப் ஸ்டிக்கைத் திருகி மூடிப் பார்ப்பதா, சும்மா செருகி எடுத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் திருகாமல் செருகித்தான் பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் நல்லதல்ல, சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரைத்த ஆயில் பம்ப்புக்கும் உதவாது, பேரிங்குக்கும் உதவாது. தாண்டியிருந்தால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

ஃபில்டரை எந்தப் பக்கமாக வைத்தீர்கள் என்பது அடுத்தது. இன்ஜினுக்கு உள்ளே ஒரு மூடிக்குப் பின்னால் போகிற காகித ஃபில்டராக இருந்தால் பலவற்றில் வெளிப்பக்கம் எது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். திருப்பி வைத்தால் ஆயில் போகிற வழியே அடைபடலாம். அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன ஓரிங் இருக்கும், பழைய ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு அவையும் குப்பைக்குப் போய்விடுவது உண்டு. வெளியே திருகுகிற டப்பா ஃபில்டர் என்றால் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க அதன் மேலேயே புதியதைத் திருகிவிடுகிறார்கள், இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிறிது நேரத்தில் ஆயில் பீய்ச்சிவிடும். பழைய ஃபில்டரை எறியாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றிய பின் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் கடகடவென்று கேட்டு அடங்கினால் அது இயல்பு, காலி ஃபில்டர் நிரம்புகிற நேரம் அது. உங்கள் சத்தம் ஒரு வாரமாக இருக்கிறது, எனவே அந்தக் கணக்கில் வராது. வண்டியில் ஆயில் எச்சரிக்கை விளக்கு இருந்து, ஸ்டார்ட் செய்ததும் அது அணையாமல் நின்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம், இன்ஜினை அணையுங்கள். பல சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் அந்த விளக்கே கிடையாது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, டேப்பெட்டுக்கு வருவோம். என் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது, அதுவும் இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, ஓட்டிவந்த சூட்டில் டேப்பெட் பார்த்திருக்கிறீர்கள். ஆயிலைச் சூடாக இறக்கச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். டேப்பெட் அதற்கு நேர் எதிர், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு வைக்க வேண்டியது. பல மேனுவல்களில் இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கும். நாம் பேசுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியைப் பற்றி, சில இன்ஜினில் 0.05, சிலவற்றில் 0.08, 0.10, 0.12 என்று போகும். அலுமினிய ஹெட் ஒரு விதமாக விரியும், இரும்பு வால்வு வேறு விதமாக விரியும், அந்த விரிவே இந்த அளவைத் தின்றுவிடும். சூட்டில் வைத்த டேப்பெட் குளிரில் தளர்ந்திருக்குமா, இறுகியிருக்குமா என்பது இன்ஜின் அமைப்பைப் பொறுத்தது; எப்படியானாலும் மேனுவலில் நீங்கள் பார்த்த எண் சூடான இன்ஜினுக்கு எழுதப்பட்டதல்ல. அதாவது இப்போது உங்கள் வண்டியில் இருக்கிற இடைவெளி எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. டி மார்க்கைச் சேர்த்தபோது இரண்டு பக்கமும் கேஜ் நுழையவே இல்லை என்கிறீர்கள். இதற்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதல் விளக்கம்: டேப்பெட் உண்மையிலேயே இறுகிப்போயிருந்தது. 22,000 கிலோமீட்டர் யாரும் தொடாத வண்டியில் இது சாதாரணம். வால்வு மூடும்போது உட்கார்கிற இடமான சீட்டில் தட்டித் தட்டி, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், அதன் தண்டு ராக்கரை நோக்கி நகரும், இடைவெளி சுருங்கும். இடைவெளி இல்லாத டேப்பெட் சத்தமே போடாது. ஆகவே உங்கள் காது பல மாதமாகப் பழகியது நோயாளி இன்ஜினின் அமைதிக்கு. இப்போது சரியான இடைவெளி வந்ததும், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய, சீரான டிக் டிக் வருகிறது, அது புதுசாகத் தெரிகிறது. இதுதான் விஷயம் என்றால் உங்களுக்கு வந்திருப்பது கோளாறே இல்லை, ஒரு கோளாறு சரியானதின் சத்தம். சத்தம் பிடிக்கவில்லை என்று மறுபடி இறுக்கி வைத்துவிடாதீர்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது மூடியிருக்கும்போது சீட்டின் வழியாகத்தான். முழுதாக மூட முடியாத வால்வு அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டே எரிந்து போகும். கொஞ்சம் சத்தம் போடுகிற டேப்பெட்டால் யாருக்கும் ஹெட் வேலை வந்ததில்லை, சத்தம் போடாத டேப்பெட்டால் வந்திருக்கிறது.

இரண்டாவது விளக்கம்: நீங்கள் தவறான டி மார்க்கில் வைத்துவிட்டீர்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் சுழற்றுகிற தண்டான க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஆக ஒரு முழு ஓட்டத்தில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும், டி மார்க்கும் இரண்டு முறை கண்ணுக்குத் தெரியும். ஒன்று, கம்ப்ரெஷன் முடிவு, அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், ராக்கர் இரண்டும் சும்மா ஆடும். மற்றது, புகை வெளியேறி முடிந்து புதுக் கலவை உள்ளே வரத் தொடங்குகிற இடம், அங்கே இரண்டு வால்வுமே லேசாகத் திறந்திருக்கும், ராக்கர் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். அங்கே கேஜ் எப்படி நுழையும்? நுழையாது. 'டைட்டாக இருக்கிறது' என்று நினைத்து ஸ்க்ரூவைத் தளர்த்தினால், அழுத்தி வைத்திருக்கிற வால்வு முழுதாக மேலே வந்து மூடி, அதற்குமேல் கேஜ் நுழைகிற வரைக்கும் தளர்த்த வேண்டியிருக்கும். அப்படி வைத்த இடைவெளி அளவுக்கு மீறி அகலமாக இருக்கும், நல்ல சத்தம் போடும்.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி, எவ்வளவு தளர்த்தினீர்கள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பது. டேப்பெட் ஸ்க்ரூவின் மரை மிக நுண்ணியது, ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் அரை மில்லிமீட்டரில் இருந்து முக்கால் மில்லிமீட்டர் வரைதான் நகரும். உண்மையிலேயே இறுகியிருந்த டேப்பெட் என்றால் கால் சுற்றுக்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு சுற்றுக்குப் பக்கமாகவோ அதற்கு மேலேயோ தளர்த்திய நினைவிருந்தால் இரண்டாவது விளக்கம்தான். பிக்கப் குறையவில்லை என்கிறீர்கள், அது முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது, ஏனென்றால் இடைவெளி அவ்வளவு அகலமானால் வால்வு திறக்கிற உயரமும் நேரமும் குறைந்து வண்டி இழுக்கத் தயங்கும். ஆனால் ஊகம் எதற்கு, மூடியைத் திறந்தால் தெரிந்துவிடப் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி முழுக்க வண்டியை ஓட்டாமல் விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் திறங்கள். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், க்ராங்க் சுலபமாகத் திரும்பும். பிளக் குழியில் மண் இருந்தால் கழற்றும் முன் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள்தான் விழும். டேப்பெட் மூடியைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன், ராக்கரைப் பாருங்கள்: ஆயில் பூசி ஈரமாக மினுங்க வேண்டும். வறண்டு, காய்ந்து தெரிந்தால் ஆயில் மேலே வரவில்லை என்று பொருள், டேப்பெட் வேலையை விட்டுவிட்டு மேலே சொன்ன ஃபில்டருக்குத் திரும்பிப் போங்கள். ஈரமாக இருந்தால் நல்லது, தொடரலாம். க்ராங்க்கை இன்ஜின் ஓடுகிற திசையிலேயே திருப்புங்கள். கலவையை உள்ளே விடும் வால்வின் ராக்கர், அதாவது இன்டேக் ராக்கர், கீழே அழுத்தி, மறுபடி மேலே வருவதைக் கண்ணால் பாருங்கள். அதற்கு அடுத்து வருகிற டி மார்க்தான் உங்களுக்கு வேண்டியது. அதைக் கோட்டுக்கு நேராக நிறுத்தி, இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டுங்கள், இரண்டும் ஒரு பொடி அளவு ஆட வேண்டும். மார்க்கைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பி நிறுத்தாமல், இன்னொரு இரண்டு சுற்று முன்னோக்கியே கொண்டுவாருங்கள். ஸ்டார்ட் ஆவதைச் சுலபமாக்க எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும் அமைப்பு சில இன்ஜின்களின் கேமில் உண்டு, பின்னால் திருப்பினால் அது குறுக்கே வந்து அளவைக் கெடுக்கும்.

மாற்றுவதற்கு முன் இப்போது இருக்கிற இடைவெளியை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கண்டிப்பாக. பிறகு மேனுவல் அளவு கேஜை நுழைத்து, லேசாகப் பிடித்துக்கொண்டு இழுபடும் பதத்துக்கு வைத்து, லாக் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து ஒரு இழை திரும்பிவிடும், அளவு போய்விடும், எனவே இறுக்கியபின் மறுபடி அளக்காத டேப்பெட் வைக்காத டேப்பெட்தான். சரியான கேஜ் போக வேண்டும், அதற்கு அடுத்த தடிமன் போகக் கூடாது, அப்படிச் சோதித்தால் கையின் பதத்தைப் பற்றிக் குழம்ப வேண்டியதில்லை. இன்னொன்று, ராக்கர் ஸ்க்ரூவின் நுனி தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தால் தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போட்டு நிற்கும், அளவு சரியாகக் காட்டும், உள்ளே இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும்; எத்தனை முறை வைத்தாலும் டிக் டிக் அடங்காத வண்டிகளில் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நுனியை விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

பிளக்கைத் திருப்பிப் போடும்போது அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். சரியாக இறுகாத பிளக்கின் ஓரமாகக் கம்ப்ரெஷன் கசிந்தால் அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும், சில சமயம் 'ஃபுஸ் ஃபுஸ்' கலந்து. வாஷர் உள்ள புதுப் பிளக்கைக் கையால் முடிகிற வரை திருகி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்றோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இறுக்குவது வழக்கம். ஆனால் உங்களுடையது ஒரு முறை இறுக்கி வாஷர் நசுங்கியது. இனி உட்கார்ந்ததும் மிகக் கொஞ்சம் இறுக்கினால் போதும், அரைச் சுற்று வலித்துத் திருப்பினால் அலுமினிய மரை போய்விடும், அது இந்த டிக் டிக்கைவிடப் பெரிய தலைவலி.

சைலன்சர் பெண்ட், அதாவது புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய், ஹெட்டோடு சேர்கிற இடத்தில் பேக்கிங் கசிந்தாலும் டேப்பெட் சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அனுபவமுள்ள காதையே ஏமாற்றும். நீங்கள் பெண்டைக் கழற்றவில்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் ஒரு நிமிட வேலைதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவி, ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன் பாருங்கள், கசிந்தால் குமிழ் விடும். பழைய கசிவாக இருந்தால் சுற்றிலும் கரி படிந்திருக்கும். இதையெல்லாம் மூடிய அறைக்குள் செய்ய வேண்டாம், புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சர்வீசோடு வண்டியைக் கழுவித் துடைத்திருந்தால் அந்த இடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில இன்ஜின்களில் சிலிண்டரின் தகடுகளுக்கு இடையில் சின்ன ரப்பர் கட்டைகள் செருகியிருப்பார்கள், தகடுகள் அதிர்ந்து ஒலிக்காமல் இருக்க. கழுவும்போது ஒன்று விழுந்திருந்தால் இருக்கிற டேப்பெட் சத்தமே இரண்டு மடங்காகக் கேட்கும். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராவிட்டால் காற்று இழுக்கும் ஓசை கூடும், ஆனால் அது 'உர்ர்' என்று இருக்குமே தவிர டிக் என்று இருக்காது. செயினை அதிகம் இறுக்கியிருந்தால் ஊளையிடும், தளர்ந்திருந்தால் கவரில் அடிக்கும். இரண்டும் சக்கர வேகத்தோடு போகும். உங்களுடைய சத்தம் நியூட்ரலில் நிற்கும்போதும் கேட்டால் செயினை விட்டுவிடலாம். அப்புறம், கேள்வியில் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்: செயினைத் துடைக்க இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், விரல் போய்விடும், சக்கரத்தைக் கையால் சுற்றியே துடையுங்கள்.

இவ்வளவும் பார்த்து, சரி செய்து, சத்தம் அப்படியே இருக்கிறது என்றால்தான் மெக்கானிக்குகள் சொன்னதற்கு வர வேண்டும். அப்போதும் காதை வைத்தே நிறையப் பிரிக்கலாம். வால்வு, கேம் சம்பந்தப்பட்ட எந்தச் சத்தமும் க்ராங்க்கின் பாதி வேகத்தில்தான் வரும். ஆக்ஸிலேட்டர் கொடுக்காத ஐட்லிங்கில் க்ராங்க் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 700 முறை தட்டும், விநாடிக்குப் பன்னிரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக. ஒற்றை சிலிண்டரில் சைலன்சர் புகையைத் தள்ளுவதும் அதே கணக்குத்தான், ஒரு தள்ளலுக்கு ஒரு டிக் என்றால் சந்தேகம் வால்வுப் பக்கம், கசிவுப் பக்கம். ஒரு தள்ளலுக்கு இரண்டு தட்டு என்றால் அவசரப்பட வேண்டாம், இரண்டு வால்வும் தனித்தனியாகத் தட்டினாலும் இரண்டு கேட்கும். ஆனால் அது சம இடைவெளியில், கனமாக, இன்ஜினின் கீழிருந்து வந்தால் க்ராங்க் வேகத்தில் ஓடுகிற ஏதோ ஒன்று. காதால் எண்ண முடியாது, ஃபோனில் பதிவு செய்து வேகத்தைக் குறைத்துக் கேட்டால் எண்ணலாம்.

இடம் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும், நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தால் எந்த மூடிக்கு அடியில் சத்தம் உரக்க இருக்கிறது என்று தெரியும். முடியையும் சட்டை நுனியையும் சுழலும் பாகங்களிடமிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் கூடுதலாகக் கேட்கிறது என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து டைமிங் செயின் என்று முடிவு கட்ட முடியாது. செயின் ஓடும் பக்கம் வண்டிக்கு வண்டி மாறும், தகடுகள் ஒலியை எங்கெங்கோ எடுத்துப் போகும். டைமிங் செயின் தளர்ந்தால் டிக் டிக் என்று தனித்தனியாகக் கேட்பது குறைவு, 'கரகர', 'ஜரஜர' என்று தொடர்ச்சியாக, ஐட்லிங்கிலும் ஆக்ஸிலேட்டரை விடும்போதும் தெளிவாகக் கேட்கும். அப்படியே இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது செயினை அழுத்திப் பிடிக்கிற டென்ஷனரை, அதை வெளியில் இருந்தே கழற்றிப் பார்க்கலாம். சத்தம் கேட்டதும் செயினையே மாற்றச் சொல்வது, அதற்கு முந்தைய படியைத் தாண்டிப் போவது.

பிஸ்டன் தளர்ந்த சத்தம் குளிரில் 'டொக் டொக்' என்று வெற்றாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். பிஸ்டனை க்ராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப்பக்கப் பேரிங் போனால் சத்தம் மேலே அல்ல, க்ராங்க் கேஸில், கனமாக, ஏற்றத்தில் இழுக்கும்போது கூடும். நீங்கள் எழுதியிருக்கிற மேல்பக்கத்து மெல்லிய டிக்குக்கும் இவற்றுக்கும் உறவு தெரியவில்லை. கிளட்ச்சைப் பிடித்தால் மறைகிற சத்தம் என்றால் அது கிளட்ச் கூடை அல்லது கியர்பாக்ஸ், அதையும் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

நண்பரின் கெட்டி ஆயில் யோசனையை மறந்துவிடுங்கள். சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் இடைவெளி அப்படியே இருக்கும், குளிர் ஸ்டார்ட்டில் அந்தக் கெட்டி ஆயில் ஹெட்டுக்கு ஏறத் தாமதிக்கும், நமக்குத் தகவல் சொல்கிற ஒரே ஆளின் வாயையும் கட்டியாகிவிடும். மேனுவலில் ஆயிலின் கிரேடு, அதாவது கெட்டித்தன்மை, 10டபிள்யூ-30 என்றால் அதுதான், 20டபிள்யூ-40 என்றால் அதுதான். ஒருவேளை நீங்கள் ஊற்றியதே வேறு கிரேடு என்றால் சத்தம் மாறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பாட்டிலைப் பாருங்கள். ஆயிலில் நனைகிற கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ என்ற குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது, உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

இறக்கிய பழைய ஆயில் இன்னும் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் நெருடுகிற துகள், மினுங்கும் செதில் இருந்தால் இயல்பல்ல. அந்த ஒரு விஷயமும், ஏற்றத்தில் கூடுகிற கனமான தட்டும், திடீரென்று பிக்கப் விழுவதும், புகையும், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். கழற்றிய வாஷர், நட்டு எல்லாம் திரும்பப் போட்டீர்களா, ஒன்று மிச்சமாகவோ குறைவாகவோ இருக்கிறதா என்பதும் முக்கியம். டேப்பெட் திறந்திருந்தபோது ஏதாவது உள்ளே விழுந்த சந்தேகம் துளி இருந்தாலும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பட்டறைக்குப் போக நேர்ந்தால் 'டைமிங் செயின் சத்தமாம்' என்று அடுத்தவர் முடிவை எடுத்துப் போகாதீர்கள். எதைத் தொட்டேன், எப்போது சத்தம் வந்தது, குளிரில் கூடுமா சூட்டில் கூடுமா, இடைவெளி எவ்வளவு இருந்தது, எவ்வளவு வைத்தேன் என்று சொல்லுங்கள். அந்தத் தாளை அதற்காகத்தான் எழுதச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினில் அவரையே கேட்க வையுங்கள், நீங்கள் அவ்வளவு தூரம் ஓட்டிப்போய்ச் சேர்ந்த சூட்டில் குளிர் சத்தம் ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு. இந்த டிக் டிக்குக்காக வேண்டாம். ஆனால் திறந்து பார்த்து, தவறான மார்க் அல்ல, டேப்பெட் உண்மையிலேயே இறுகியிருந்தது என்று தெரியவந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: சரியாக வைத்தபின் 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, குளிர்ந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் இடைவெளியை மறுபடி அளங்கள். அளவு அப்படியே நின்றால் இனி மேனுவல் சொல்லும் தூரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதற்குள்ளேயே கேஜ் நுழையாத அளவுக்கு மறுபடி சுருங்கியிருந்தால், சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும், வால்வு சீட் வேகமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது, அப்போது ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள்.